பதிலுக்கு ஒரு தட்டு

வெளியே ஒரு ஆள் படகை நகத்தால் பிறாண்டிக்கொண்டிருந்தான். உள்ளே நான்.

"இருக்கான். உசுரோட இருக்கான். தூக்குங்கய்யா."

மாஹுல் கடற்கரையில் டயர்கள் மேல் கவிழ்த்துப் போட்ட பழைய மீன்பிடிப் படகு அது. அதற்கு அடியில் என்னைத் தவிர யாரும் கிடையாது.

தப்பு என் மேல்தான். பழைய ஃபைபர் படகு வந்தால் எங்கள் முதலாளி கரீம் பாட்சா பாய் முதலில் தட்டிப் பார்ப்பார். அவர் வெளியே சுத்தியால் தட்டிக்கொண்டே வர, நான் உள்ளே காதை வைத்துக் கேட்பேன். கணீரென்று கேட்டால் பதிலுக்கு ஒரு தட்டு. தண்ணீர் ஊறிப்போன இடம் மொத்தென்று கேட்கும், தட்டக் கூடாது. அங்கே பாய் சாக்பீஸால் கோடு போடுவார்.

அன்றைக்கும் டக் டக் என்று நல்ல சத்தம் வந்தது. தட்டினேன். வெளியே தட்டியது பாய் இல்லை. அவர் டீ குடிக்கப் போயிருந்தார்.

ஓடி வந்த பாய், கடல் பக்கத்து இடுக்கில் மூஞ்சியை வைத்து, "லே துரை, வெளிய வராத, சத்தம் காட்டாத" என்றார்.

யாரோ ஒரு பொம்பளை வந்து அந்த ஆளை அழைத்துக்கொண்டு போனபிறகுதான் நான் வெளியே வந்தேன். ஃபைபர் மேல் ரத்தக் கோடுகள்.

"யாரு பாய் அந்த பாகல்?"

"பாகல், பைத்தியம்னுலாம் சொல்லாதல. மகேஷ்குமார், ஆண்டாப் ஹில்காரன். அது அவன் பொஞ்சாதி மாரீஸ்வரி. இந்தப் போட்டு அவனுக்குள்ளதுதான். நடுக்கடல்ல கவுந்துட்டு. இவன் மேல ஏறிப் படுத்துக்கிட்டான், தம்பி கண்ணா உள்ள மாட்டிக்கிட்டான். விடிய விடிய இவன் மேல தட்ட, அவன் கீழ இருந்து தட்ட..."

"பொறவு?"

"காலைல வேற போட்டு வந்து இவனை மட்டும் ஏத்திக்கிட்டுப் போச்சு. பொறவு இதைக் கரைக்கு இழுத்தாங்க. தம்பி கெடைக்கல."

"இதை ஏன் முன்னாடியே சொல்லல?"

"சொன்னா நீ உள்ள போவியா?"

போயிருக்க மாட்டேன்.

மறுநாள் காலையில் மாரீஸ்வரி வந்தாள். முகத்தில் சிரிப்பு.

"பாய், நேத்து அவுக வயிறாரச் சாப்பிட்டாக. தலை சீவி, நல்ல சட்டையா எடுத்து வச்சிருக்காக. தம்பி பதில் சொல்லிட்டான்னு ஒரே சந்தோசம். தெனம் ஒரு தட்டு தட்டச் சொல்லுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

பாய் என்னைப் பார்த்தார்.

"நான் மாட்டேன்" என்றேன். "செத்தவன் மாதிரி நான் நடிக்கணுமா?"

"விரலால ஒரு தட்டு. கை தேஞ்சா போயிரும்?"

பக்கத்துப் படகுக்கு பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்த ஜம்பு, "பத்தாவதோட ஸ்கூலை விட்ட பயலுக்கு இம்புட்டு நியாயம் ஆவாது" என்றான்.

தட்டினேன். சாயங்காலம் அந்த ஆள் வருவான். பெயிண்ட் சுரண்டிய ஃபைபர், வெயில் பட்டால் லேசாக வெளிச்சம் விடும். உள்ளே இருந்து பார்த்தால் அவன் கை நிழல் தெரியும். பிறகு காதின் நிழல், ஃபைபரோடு ஒட்டிக்கொண்டு. நான் தட்டியதும் அந்த நிழல் ஒரு ஆட்டம் ஆடும். ஒருநாள் நான் விரலை எடுக்கும் முன்னாலேயே பதில் கேட்டது போல இருந்தது. எதிரொலிதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் அன்றைக்கு ராத்திரி விளக்கை அணைக்கவில்லை.

வேலை முடிந்தது. மறுநாள் படகை நிமிர்த்தி, வாங்குகிறவனிடம் கொடுக்க வேண்டும்.

"இன்னைக்குத்தான் கடைசி" என்றார் பாய். "நல்லாப் பலமாத் தட்டிரு. மனசு நெறஞ்சு போகட்டும்."

அலை ஏறிக்கொண்டிருந்தது. நான் உள்ளே போனேன். கை நிழல் வந்தது. ஆனால் அவன் உடனே தட்டவில்லை. குனிந்து, ஃபைபரில் வாயை வைத்து முணுமுணுத்தான். அதன்பிறகுதான் தட்டினான்.

டக் டக்.

நான் பதிலுக்குத் தட்டவில்லை.

காது நிழல் ஒட்டிக்கொண்டது. மறுபடி டக் டக்.

இடுக்கில் பாயின் மூஞ்சி. "தட்டுலே. பாவம், காத்துக்கிட்டு நிக்கான்."

இரண்டு கையையும் தொடைக்கு நடுவே வைத்து இறுக்கிக்கொண்டேன். என் மூச்சே பெரிய சத்தமாகக் கேட்டது.

"தட்டுலே மூதி."

டக் டக். டக் டக். அப்புறம் நின்றுவிட்டது. காது நிழல் மட்டும் வெகுநேரம் அங்கேயே இருந்தது. பிறகு மெல்லச் சரிந்து கீழே வந்தது.

"மாரீசு" என்று வெளியே அழுகைச் சத்தம். "போயிட்டான் மாரீசு. எந் தம்பி செத்துட்டான்."

மாரீஸ்வரியும் சேர்ந்து அழுதாள். அவனைத் தாங்கி ரோட்டுப் பக்கம் கூட்டிப் போனாள். நான் வெளியே வந்தேன்.

"கல்நெஞ்சுக்காரப் பய" என்றான் ஜம்பு.

பாய் கையை ஓங்கிவிட்டார். "ஒரு தட்டுக்கு ஒனக்கு என்னலே கேடு?"

"அவரு போட்டுல வாய வச்சுப் பேசுனது உங்களுக்குக் கேட்டுச்சா பாய்?"

"இல்ல."

"கண்ணா, நீ தட்டிக்கிட்டு இருக்கும்போதே ஒன்ன விட்டுட்டு வந்துட்டேன். இன்னைக்கும் நீ கூப்பிட்டா, இப்பமே தண்ணிக்குள்ள எறங்கி ஒங்கிட்ட வந்துருதேன்னாரு. அதான் தட்டல."