நூத்தியிருபது நஸீம்

நான் தூக்கிப் பழகின தகரம் கல்லுல விழுந்து வெடிச்சிச்சு. மேலயும் அடியிலயும் சீமெந்து. நடுவுல முழுக்கத் தேங்காத் தும்பு.

நான் ஹுனைஸின்ட சேட்டுக் கொலரப் பிடிச்சிட்டன்.

"டேய், ஒரு வருசமா என்னய மடையனாக்கினியாடா?"

பக்கத்துல நிண்ட சாள்ஸ் நிலத்தப் பாத்துக்கொண்டு நிண்டான்.

இது நடந்தது ரெண்டாயிரத்திப் பதினாலுல, எங்கட ஊர் ஆலங்குடாவுல. ஹோட்டல் கட்டப்போறன் எண்டு காணிக்காரர் சொல்லிட்டார். அதால எங்கட கொட்டிலக் காலி பண்ணின நாள் அது.

கொட்டில் எண்டா தென்னோலக் கிடுகுக் கூரை, மணல் தரை, அவ்வளவுதான். எங்களுக்கு அது ஜிம். ஹுனைஸ் வெல்டிங் கடையில வேல செய்யிறவன். பெயின்ட் தகரத்துக்குள்ள சீமெந்து ஊத்தி, ரெண்டு தகரத்துக்கு நடுவுல இரும்புக் குழாயக் கோத்து, எத்தன கிலோ எண்டு சிவப்புப் பெயின்டால எழுதி வெப்பான்.

பின்னேரம் அஸர் தொழுதிட்டு நானும் ஹுனைஸும் போவம். பக்கத்து ஊர் மாம்புரியில இருந்து சாள்ஸ், வலையக் காயப் போட்டுட்டு வருவான். தூக்கி முடிஞ்சதும் வேர்வையோட கடலுக்குள்ள பாஞ்சு குளிப்பம். பிறகு பேக்கரியில சூடா வாங்கின ஒரு றாத்தல் பாணையும் சம்பலையும் மூண்டு பேரும் பிச்சுத் திம்பம். அந்த மாதிரிப் பாண் பிறகு எங்கயும் நான் திண்டதில்ல.

சாள்ஸ் இப்ப இத்தாலியில. ஹுனைஸ் கட்டார்ல. கொட்டில் இருந்த இடத்துல நீச்சல் தடாகம் இரிக்கு. அதத் தாண்டிப் போகக்குள்ள இண்டைக்கும் எனக்கு மனசு ஒரு மாதிரிப் போயிடும்.

நான் கொட்டிலுக்குப் போனதே ஒரு பொய்யோடதான். உப்பளத்துல மூட்ட சுமக்கிறவன் நான். ரெண்டு பேர் தூக்கி முதுகுல வெச்சா, கொண்டுபோய் லொறியில போடுவன். ஒரு நாள் அவசரத்துல தனியாக் குனிஞ்சு இழுத்தன். டிஸ்க் விலகிட்டு. நாலு மாசம் பாயில கிடந்தன்.

பிறகு டொக்டர் ஒரு துண்டு எழுதித் தந்தார். டெட்லிஃப்ட் பழகச் சொன்னார். நிலத்துல கிடக்கிற பாரத்த, முதுக வளைக்காம, கால் பலத்துல தூக்கி நிமிர்றது. கொஞ்சம் கொஞ்சமாக் கூட்டினா முதுகு பழையபடி வரும், அவசரப்பட்டுப் பெரிசத் தூக்கினா பிறகு எழும்பவே ஏலாது எண்டு மூஞ்சிக்கு நேர சொன்னார்.

அந்தத் துண்ட நான் ஒருத்தருக்கும் காட்டல்ல. முதுகு இன்னும் சரியாகாதவனுக்கு உப்பளத்துல ஆரு வேல குடுப்பா? வீட்டுல பொஞ்சாதி றஹ்மாவும் ரெண்டு பிள்ளைகளும். நான் நல்ல பலமா இரிக்கிறன் எண்டு ஊருக்குக் காட்டணும். கொட்டிலுக்குப் போன முதல் நாளே, இரிக்கிறதுலயே பெரிசத் தாடா எண்டு கேட்டன்.

ரெண்டு நாள் கழிச்சு வா, உனக்கெண்டு தனியாச் செஞ்சு தாறன் எண்டான் ஹுனைஸ். சொன்ன மாதிரியே தந்தான். ஒவ்வொரு தகரத்துலயும் அறுபது எண்டு எழுதியிருந்திச்சு, ரெண்டும் சேத்தா நூத்தியிருபது கிலோ. இழுத்தன், பாரம் எழும்பிட்டு.

முதுக நிமித்திப் பிடிச்சா எந்தப் பாரமும் பாதியாத்தான் தெரியும் எண்டான். நம்பினன். சின்னதத் தொட்டாப் பழக்கம் கெட்டுப்போகும் எண்டு மத்தப் பாரங்களத் தொடவே விடமாட்டான். அதையும் நம்பினன். மாசத்துக்கொருக்கா பெயின்ட் அடிக்கிறன் எண்டு என்ட தகரங்களக் கழட்டிக்கொண்டு போவான். திரும்பி வந்தா இன்னும் கனக்கிற மாதிரி இரிக்கும். நேத்து ஒழுங்காச் சாப்பிடல்ல போல எண்டு நினைப்பன்.

ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிஞ்சன். நூத்தியிருபது நஸீம் எண்டு பட்டப்பேரும் வந்திட்டு.

சாள்ஸ் போட் இஞ்சினத் தனியாத் தோள்ல சுமக்கிறவன். அவனும் ஒரு நாள் என்ட பாரத்தப் பிடிச்சு, முகம் சிவக்க இழுத்து, முழங்கால் உசரத்தோட விட்டுட்டான். அதுக்குப் பிறகு நான் அவன விட்டனா? அவன் கட்டப்போற றோசமேரியின்ட அண்ணன்மார் வந்து நிக்கக்குள்ளயும், உங்கட மாப்பிள்ளைக்கு முழங்கால் மட்டுந்தான் பலம் எண்டு சொல்லிச் சிரிச்சன். அவன் கையத் துடைச்சான்.

வருசம் முடியக்குள்ள நான் உப்பளத்துக்குத் திரும்பிட்டன். முதுகுல ஒரு நோவும் இல்ல. எல்லாம் என்ட கெட்டித்தனம் எண்டுதான் நினைச்சிருந்தன், தகரம் வெடிக்கும் மட்டும்.

ஹுனைஸ் என்ட கையக் கொலர்ல இருந்து எடுத்துவிட்டான்.

"பொய்ய முதல்ல துவங்கினது ஆருடா? நீ வந்த மறுநாள் காலம்புற றஹ்மா மதினி என்ட கடைக்கு வந்தாங்க, உன்ட சேட்டுப் பையில இருந்த டொக்டர்ட துண்டோட. 'சொன்னாக் கேக்கமாட்டார் ஹுனைஸ் நானா, இவர் விழுந்தா நாங்க எல்லாரும் விழுந்தம்' எண்டு அழுதாங்க. நாப்பது கிலோவுல துவங்கி, மாசாமாசம் தும்பக் குறைச்சு, சீமெந்த மூண்டு மூண்டு கிலோவாக் கூட்டினன். நாப்பதுக்கு நாப்பது எண்டே எழுதியிருந்தா நீ தொட்டிருப்பியா?"

தொட்டிருக்கமாட்டன். எனக்கே தெரியும்.

வெக்கம் பிடுங்கித் திண்டிச்சு. சாள்ஸின்ட பக்கம் திரும்பினன்.

"உனக்கும் தெரியுமா?"

"ஓம்."

"அப்ப ஏன்டா அண்டைக்கு ஏலாத மாதிரி விட்டாய்? றோசமேரி வீட்டார் முன்னுக்கு எவ்வளவு சிரிச்சன் உன்னப் பாத்து."

சாள்ஸ் கொட்டிக் கிடந்த தும்பக் கையால அள்ளி ஒரு பக்கம் போட்டான்.

"நான் தூக்கியிருந்தா, அடுத்த நாளே நீ நூத்தம்பது கேட்டிருப்பாய் மச்சான்."