பின்னால் நிற்பவர்

தொயாமா நகரின் பின்சந்தில் மாலை மழை தூறுகிறது. சாப்பாட்டுக் கடையில் பகலெல்லாம் நின்று களைத்த கிமியே, கொட்டகைக்குள் காரைப் பின்பக்கமாக எடுக்கிறாள். ஒரே சின்னக் கார் மாடலில் அவர்கள் வாங்கிய நான்காம் தலைமுறை இது. முதல் காருக்குக் கட்டிய கொட்டகை அப்படியே இருக்க, வண்டிதான் தலைமுறைக்குத் தலைமுறை பெருத்துவிட்டது. தூணில் முதல் வண்டி உரசிய சிவப்பு, அதற்கு மேல் இரண்டாவதின் வெள்ளை, மூன்றாவதின் நீலம். இந்த வண்டியில்தான் இன்னும் கீறல் இல்லை. கணவர் ஷிகெரு குடையோடு பின்னால் வந்து நிற்கிறார். வயதாகி ஓட்டுநர் உரிமத்தைத் திருப்பிக் கொடுத்தபின் அவருக்கு மிஞ்சிய வேலை இது. “ஓராய், ஓராய். சரி, வரட்டும்.” “மழையில ஏங்க நிக்கிறீங்க? இதுலதான் கேமரா இருக்கே.” “கேமராவுக்கு நம்ம தூணைத் தெரியுமா? நீ வா.” வண்டி கீச்சிட்டுத் தானாக நின்றுவிடுகிறது. மறுபடி நகர்த்துகிறாள், மறுபடி நிற்கிறது. திரையில் சிவப்புக் கட்டத்துக்குள் அவருடைய முழங்கால்கள். “என்னாச்சு?” “நீங்க நகர்ந்தாத்தான் வருமாம்.” அவர் குடையை மடக்கிக்கொண்டு சுவரோரம் ஒதுங்குகிறார். வண்டி எதிலும் படாமல் உள்ளே போய் நிற்கிறது. கிமியேவுக்குக் கால் கடுக்கிறது. ஆனாலும் எஞ்சினை அணைக்காமல், அவர் “போதும்” என்று சொல்வதற்காக உட்கார்ந்திருக்கிறாள்.