காட்டைப் பார்த்த பலகை

மலைக்கோயிலுக்குப் போகிற வழியில் ஒரு மந்தி இருந்தது. படியேறிய பக்தர் ஒருவர் இருமிக்கொண்டே, தான் கடித்த வாழைப்பழத்தின் மீதியை, புண்ணியமாகப் போகட்டும் என்று அதன் குட்டியிடம் கொடுத்தார். மூன்றாம் நாள் குட்டிக்கும் அதே இருமல். பால் குடிக்கக்கூட மூச்சு போதவில்லை. மந்தி கோபுரத்தைப் பார்த்து அழுது வேண்டிக்கொண்டது. ஒரு வாரம் கழித்துத்தான் குட்டி கண் திறந்தது.

அன்று பாதையோரம் புதுப் பலகை ஒன்று நட்டிருந்தார்கள்.

"ஏ அணிலு, என்னடி எழுதியிருக்கு?"

கோயில் வாசலிலேயே வளர்ந்த அணில் படித்தது. "'அருகில் செல்லாதீர்கள், நோய் தொற்றும்.' உங்களைத்தான் சொல்றாங்கக்கா."

"கொடுத்தது அவங்க, பழி எம்புள்ளைக்கா?"

மந்தி குட்டியை இறக்கிவிட்டு, ஈரமண்ணில் நின்ற பலகையை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பியது. எழுத்து இப்போது காட்டைப் பார்த்தது.

"ஐயோ, சாமி கோவிச்சுக்கும்!"

"கோவிச்சுக்காது. நான் அழுததைக் கேட்ட சாமிதானே."

அந்நேரம் ஒருவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டே, கடித்த கொய்யாவை நீட்டினார். "வாடா செல்லம்!"

குட்டி கையை நீட்டியது. மந்தி அதை வாரி இடுப்பில் வைத்துக்கொண்டது.

"வரமாட்டான். பலகை போட்டிருக்கு."