இரையும் மோட்டார்

"ஆறடித் தொட்டிக்கு இந்த வெளிநாட்டு ஃபில்ட்டர்தான் சார் சரி. துளி சத்தம் கிடையாது" என்றார் மட்டாஞ்சேரியில் அலங்கார மீன் கடை வைத்திருந்த பிச்சுமணி.

"வேண்டாம். வேற?" என்றார் ராமபத்ரன்.

"சரளைக்கு அடியில வைக்கற ஃபில்ட்டர் இருக்கு. தண்ணி சுத்தமாத்தான் இருக்கும். ஆனா காத்தடிக்கற மோட்டார் ரைஸ் மில் மாதிரி இரையும்."

ராமபத்ரன் முகம் மலர்ந்தது. "போட்டுக் காட்டும்."

மோட்டார் இரைந்தது. கண்ணை மூடி, கச்சேரி கேட்பதுபோலக் கேட்டார். "இதைவிட உரக்க உண்டோ?"

"ரெண்டு மோட்டார் வெச்சா தெருவுக்கே கேக்கும். மீனெல்லாம் செவிடுன்னு யார் சார் சொன்னா?"

"மீனை நான் பார்த்துக்கறேன். ரெண்டும் குடும்."

மறுநாள் பிச்சுமணியே சுள்ளிக்கல்லில் ராமபத்ரன் இடத்துக்குப் போய், அவர் சொன்ன முன்னறையில் எல்லாவற்றையும் பொருத்தி, தொட்டியில் மீன்களை விட்டுவிட்டுப் போனார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஆறேழு பேர் மீன்களை ரசித்துக்கொண்டிருந்தார்கள். மோட்டார்கள் இரைந்த இரைச்சலில் யாருக்கும் பேச்சே கேட்கவில்லை.

திடீரென்று கரண்ட் போயிற்று. மோட்டார்கள் நின்றன.

உள்ளறையிலிருந்து ஓர் அலறல் கேட்டது.

"எண்டெ அம்மோ! விடு டாக்டரே! பல்லு அவிடெத்தன்னே இரிக்கட்டே!"

பெஞ்சில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கன்னத்தைப் பிடித்தபடி ஒவ்வொருவராக எழுந்தார்கள்.

சற்று நேரத்தில் பல் டாக்டர் ராமபத்ரன் குறடும் கையுமாகக் கதவைத் திறந்தார். "அடுத்த ஆள் வரலாம்."

முன்னறையில் மீன்கள் மட்டும் இருந்தன. அவற்றுக்கு வெளியே போக வழியில்லை.