திருநீர்மலையில் ஒரு புகார்

உச்சிவெயிலில் திருநீர்மலைப் படிகளில் எல்லோரும் குதித்துக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் நடந்துகொண்டிருந்தேன்.

கருங்கல் தோசைக்கல்லாகியிருந்தது. காலேஜ் பையன்கள்கூட நிழலுக்கு நிழல் தாவினார்கள். நானோ சர்க்கரை நோயாளி, ரிட்டயர்டு, போதாததற்குத் தொப்பை. ஆனாலும் வெறுங்காலில் ராஜநடை.

பெருமாளே காலைத் தாங்கிக்கொண்டிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். சீனியர் சிட்டிசனுக்கு ரயில்வே எடுத்துவிட்ட சலுகையை அவராவது கொடுக்கட்டும்.

பின்னால் என் மனைவி கோமளா. பாதம் பொரியப் பொரிய வந்தாள். அந்த நிலையிலும் டாக்டர் வீட்டில் விட்ட பேச்சை எடுத்தாள்.

"ஊசிதானே சொன்னார்? வாரத்துக்கு ஒண்ணு. போட்டுண்டா உங்களுக்கு என்ன குறைஞ்சு போயிடும்?"

பி-டுவெல்வ் ஊசி. அதை எழுதிய தாம்பரம் டாக்டர்மேல் எனக்குக் காலையிலிருந்து ஆத்திரம்.

சர்க்கரைக்கு அவர் கொடுக்கிற மாத்திரையை வருடக்கணக்கில் போட்டால், அது பி-டுவெல்வ் சத்தை உடம்பில் சேரவிடாதாம். நரம்பு கெட்டுப்போகுமாம். இதை எப்போது சொல்கிறார்? நான் வருடக்கணக்கில் போட்டு முடித்த பிறகு.

"நீங்க கறி, மீன், முட்டை எதுவும் தொடறதில்ல சார். உங்களுக்கு இன்னும் கம்மியாத்தான் இருக்கும்" என்றார்.

மூன்று வேளையும் தயிர் சேர்த்துக்கொள்கிறேன் என்றேன். போதாது என்றார்.

போதாதாம். எங்கள் வம்சமே தயிர்சாதம் சாப்பிட்டுத்தான் தலைமுறை தலைமுறையாகப் பங்காளிச் சண்டை போட்டிருக்கிறது. அவர்களில் ஒருவருக்கும் பி என்று ஓர் எழுத்து இருப்பதே தெரியாது.

முதலில் காப்ஸ்யூல்தான் எழுதினார். அந்தக் கூடு மாட்டிலிருந்து எடுத்ததாக இருக்கலாம் என்று வாட்ஸ்அப்பில் வந்ததைச் சொன்னேன். "சரி சார், ஊசியாவே போட்டுக்கலாம்" என்று அடித்து எழுதிவிட்டார். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. சண்டைக்குத் தயாராகப் போனவனுக்கு இதைவிட அவமானம் வேண்டுமா?

"எனக்கு ஒரு குறையும் இல்லடி. இந்தக் கல்லுல நடக்கறேனே, பாத்துண்டுதானே வரே?"

கோமளா நிழல் கண்ட ஒரு படியில் உட்கார்ந்துவிட்டாள். என் கட்சி ஜெயித்ததாக எடுத்துக்கொண்டு மேலே போனேன்.

ரங்கநாதரைச் சேவித்து, தீர்த்தம் வாங்கி, மண்டபத்துக்கு வந்தபோதுதான் பார்த்தேன்.

தரை முழுக்கச் சிவப்பு. யாரோ குங்குமத்தைக் கரைத்துச் சொட்டிக்கொண்டே நடந்திருக்கிறார்கள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பீர்க்கன்கரணையில் எங்கள் நகர் நலச்சங்கத்துக்கு நான்தான் செயலாளர். தெருவில் ஒழுகிக் கிடக்கும் சாம்பாரைத் தொடர்ந்து போய், குப்பையைக் கட்டாமல் போட்டது எந்த வீடு என்று வாசலில் நின்று கேட்கிறவன்.

"சந்நிதியில வந்து இப்படிப் பண்ணியிருக்காளே, இது யாரு வேலை?" என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி.

தூண் ஓரமாக நின்ற ஒருவர் என்னோடு சேர்ந்துகொண்டார். "கூடுவாஞ்சேரிலேர்ந்து வரேன் சார். எங்க பக்கமும் இதே கதைதான். ஜனங்களுக்குப் பொறுப்பே கிடையாது."

இருவரும் தடம் பிடித்தோம். படி ஏறி வந்திருக்கிறான். நேரே சந்நிதி. அங்கே ஒரே இடத்தில் நிறையச் சிவப்பு.

"நின்னு தீர்த்தம் வேற வாங்கியிருக்கான் பாருங்கோ" என்றேன்.

அப்புறம் இடதுபக்கமாக வெளியே வந்திருக்கிறான். மண்டபத்தில் கொஞ்சம் நின்றிருக்கிறான். விடாமல் இன்னொரு சுற்றும் தொடர்ந்தோம். மறுபடி படி, மறுபடி சந்நிதி, மறுபடி மண்டபம். இப்போது ஒன்றுக்குப் பக்கத்தில் இன்னொன்றாக இரண்டு வரிசை.

கூடுவாஞ்சேரிக்காரர் என் முகத்தைப் பார்க்கவில்லை, கீழே பார்த்தார்.

"சார், நீங்க அப்படியே உக்காருங்க. நடக்காதீங்க."

எந்தக் கால் என்று தெரிந்துகொள்ள, நான் இரண்டையும் தூக்கிப் பார்க்க வேண்டியிருந்தது.

இடது கால். உள்ளங்கால் நடுவில் பெரிய கண்ணாடிச் சில்லு ஆழமாக இறங்கியிருந்தது. வண்டி நிறுத்திய காலி மனையில் செருப்பைக் கழற்றியபோது ஏறியிருக்கும். அங்கிருந்து அத்தனை படிகளையும் அதோடுதான் ஏறியிருக்கிறேன். கோமளா உட்கார்ந்த படிக்கு மேலேதான் ரத்தம் ஒழுக ஆரம்பித்திருக்கிறது.

கால் மரத்துப்போகிறதா என்று டாக்டர் காலையில் கேட்டிருந்தார். நான் ஒரு ஜோக் சொன்னேன். அவரும் பாவம், சிரித்தார்.

கோமளா மேலே வந்துவிட்டாள். படியெல்லாம் அதைப் பார்த்துக்கொண்டே வந்திருக்க வேண்டும். தரையில் உட்கார்ந்து என் பாதத்தின்மேல் குனிந்தாள். நான் தூணில் சாய்ந்து முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இத்தனை வருடத்தில் அவள் இப்படி வாயை மூடிக்கொண்டு இருந்து நான் பார்த்ததில்லை. ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை.

கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டாள்.

"வலிக்கறதா?"

வலிக்க வேண்டுமே என்று அந்தக் குரல் கெஞ்சியது. எனக்கு அது தாங்கவில்லை.

"பின்னே வலிக்காதா? மெதுவா எடு" என்று முகத்தைச் சுளித்துக்கொண்டேன்.

திரும்பிப் பார்த்தேன்.

சில்லு எப்போதோ அவள் உள்ளங்கைக்கு வந்துவிட்டிருந்தது. புடவைத் தலைப்பால் என் காலை இறுகக் கட்டி முடித்திருந்தாள்.