கறை இல்லாத தெரு

"நம்ம அபிப்பிராயம் அவங்களுக்கு வேண்டாமாம். அளவு இருந்தாக் குடுங்கறாங்க," என்று அரசாங்கக் கடிதத்தை ஆர்லீனின் சாப்பாட்டுக் கடை மேஜைமேல் போட்டார் டெல்பர்ட்.

டெல்பர்ட், கெண்டல் ஃபெரியின் மேயர். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஆற்றங்கரையோரம் முந்நூறு பேர் உள்ள ஊர் அது. மேயர் வேலைக்குச் சம்பளம் கிடையாது என்பதால் ஹார்டுவேர் கடையும் வைத்திருந்தார்.

ஆர்லீன் காபி ஊற்றுவதை நிறுத்தவில்லை. "வீடு வீடா நடந்து நூத்தி நாப்பது கையெழுத்து வாங்கினேனே, அது என்னாச்சு?"

"அதுக்கு நன்றி சொல்லியிருக்காங்க."

அரசாங்கம் புதிதாக வெளியிட்ட வெள்ள அபாய வரைபடத்தில் மெயின் தெரு முழுக்கச் சிவப்பு. பெரிய வெள்ளம் வந்தால் ஆர்லீனின் கடை வாசலில் இரண்டடி தண்ணீர் நிற்கும் என்று கம்ப்யூட்டர் கணக்குப் போட்டிருந்தது. சிவப்பில் மாட்டிய கட்டடத்துக்கு வெள்ளக் காப்பீடு எடுக்காவிட்டால் கடன் கொடுத்த பாங்கு சும்மா விடாது. எடுத்தாலோ, அந்தக் கட்டணத்தைக் கட்டிவிட்டுக் கடை அடுத்த குளிர்காலத்தைத் தாண்டாது. முப்பத்தொரு வருஷமாக அவள் நடத்தும் கடை. தொண்ணூறு நாளுக்குள் ஊர் சார்பில் மேல்முறையீடு செய்வது ஒன்றுதான் வழி.

"இந்தத் தெருவுல தண்ணியே வந்ததில்லைன்னு எழுதினீங்கல்ல?"

"எழுதினேன். அதான் வினை. வியாழக்கிழமை ஒரு இன்ஜினியரை அனுப்பறாங்க. பழைய சுவர்ல வெள்ளக்கறை இருக்கான்னு வந்து பார்ப்பாராம்."

கடையில் இருந்த எல்லோரும் ஜன்னல் வழியாக எதிரே இருந்த முடிதிருத்தும் கடையைப் பார்த்தார்கள். அதன் செங்கல் சுவரில் தரையிலிருந்து மேலே ஏறியிருந்தது பழுப்புக் கறை. அவர்கள் பிறப்பதற்கு முன்பே ஆறு வந்து பார்த்துவிட்டுப் போன அடையாளம். தெருவில் எல்லாச் சுவரிலும் அது உண்டு. பார்த்துப் பார்த்துப் பழகியதில், அன்றுவரை யார் கண்ணுக்கும் அது கறையாகத் தெரிந்ததில்லை.

"ஒரே ஒரு தடவைதானே வந்துது," என்றார் சர்ச் பாஸ்டர், தட்டைப் பார்த்துக்கொண்டே. "அதை வந்ததுன்னு சொல்லணுமா என்ன?"

"பாஸ்டரய்யா, நீங்க பேசாம முட்டையைச் சாப்பிடுங்க," என்றாள் ஆர்லீன். பிறகு மேயர் பக்கம் திரும்பினாள். "உங்ககிட்ட பெயின்ட் இருக்கா?"

"பள்ளிக்கூடத்துக்கு வாங்கி மிஞ்சின பச்சை கிடக்கு. கட்டடத்துக்கு ரெண்டு டப்பா தேறும். முழுச் சுவருக்குக் காணாது."

"முழுச் சுவரு எதுக்கு? கறை மறைஞ்சாப் போதும்."

புதன்கிழமை ஊரே பிரஷ்ஷும் கையுமாக நின்றது. கெண்டல் ஃபெரிக்காரர்கள் பெயின்டை வீணாக்குகிறவர்கள் அல்லர். கறை எதுவரையோ பெயின்ட் அதுவரை. அதற்குமேல் ஒரு சொட்டு கிடையாது. மேட்டில் இருந்த சர்ச்சில் பாஸ்டர் மண்டியிட்டு அடித்தார். ஆற்றோரக் கடையில் டெல்பர்ட் ஏணிமேல் நின்று அடித்தார். எதையும் சுத்தமாகச் செய்கிறவள் ஆர்லீன். கறையின் மேல் விளிம்பில் ஒட்டுத்தாளை ஒட்டிவிட்டு, நேர்த்தியாக அடித்து முடித்தாள்.

சாயங்காலம் எல்லோரும் தெருவில் நடந்து சுவர் சுவராகச் சோதித்தார்கள். குனிந்து பார்த்தார்கள், தேய்த்தும் பார்த்தார்கள்.

"பள்ளிக்கூடம் மாதிரி இருக்கு," என்றார் டெல்பர்ட்.

"இருந்துட்டுப் போகட்டும். கறை தெரியுதா? அதைச் சொல்லுங்க."

"தெரியலை."

வியாழக்கிழமை பத்து மணிக்கு இன்ஜினியர் ஹோல்காம் வந்தார். ஒல்லியான, அதிர்ந்து பேசாத மனிதர். சர்ச்சிலிருந்து ஆறுவரை தெருவை ஒரே ஒரு தடவை நடந்தார். ஆற்றங்கரையில் நின்று, திரும்பி, தெருவை வெகுநேரம் பார்த்தார். ஒரு படம் எடுத்தார். ஆர்லீன் ஜன்னல் ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

வரும் வழியில் அவள் கடை வாசலில் டேப்பைப் பிடித்து ஏதோ அளந்துவிட்டு, உள்ளே வந்து உட்கார்ந்தார். விரலில் பச்சை ஒட்டியிருந்தது. ஆர்லீன் கேட்காமலே ஆப்பிள் பை பலகாரமும் காபியும் கொண்டுவந்து வைத்தாள். மேயர் அவருக்கு எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"சுவரெல்லாம் பார்த்தீங்களா, சார்?" என்றாள் ஆர்லீன்.

"பார்த்தேம்மா."

"கறை ஏதாவது..."

"ஒண்ணுகூட இல்லை."

அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. இன்னொரு துண்டு பலகாரத்தை அவர் தட்டில் வைத்தாள்.

"அப்ப எங்க மேல்முறையீடு?"

"ஊர்லேருந்து அளவோட ஆதாரம் காட்டினா ஏத்துக்கணும்கறதுதான் விதி. நான் ஏத்துக்கிட்டேன். வரைபடத்துல போட்டிருக்கற ரெண்டடி தப்பு. மாத்தச் சொல்லி எழுதிடறேன்."

ஆர்லீன் மேயரின் தோளைப் பிடித்துக்கொண்டாள். கண்ணில் நீர் தளும்பிவிட்டது. முப்பத்தொரு வருஷம் வீண்போகவில்லை.

"நன்றி நான்தாம்மா சொல்லணும். எந்த ஊர்லயும் இவ்வளவு ஒத்தாசை கிடைக்காது," என்று ஹோல்காம் நிதானமாக வாயைத் துடைத்துக்கொண்டார். "பழைய கறையைத் தேடிக் கண்டுபிடிக்கவே ரெண்டு நாள் ஆகும்னு நினைச்சு வந்தேன். நீங்களே சர்ச்ல முழங்கால் உயரம், இங்க மார் உயரம், ஆத்தோரத்துல ஆள் உயரத்துக்கு மேலன்னு, தண்ணி நின்ன மட்டத்துக்கு ஊர் முழுக்கப் பச்சைக் கோடு போட்டு வச்சிருக்கீங்க. உங்க வாசல்ல அளந்துட்டேன், ரெண்டடி இல்லைம்மா, நாலரை அடி."