நாலும் புதுசு

வடக்கே, குளிர்நாட்டு ஊரான கயானியில் முதல் பனி விழுந்த காலை. டயர் கடையின் கண்ணாடியில் சாம்பல் வெளிச்சம் படிந்திருக்கிறது. உள்ளே புது ரப்பர் வாசனை. தூலிக்கி கையுறையைக் கழற்றி, ஒவ்வொரு டயரின் பள்ளத்திலும் கட்டைவிரலை விட்டு ஆழம் பார்க்கிறாள். வெளியே அவளுடைய இருபத்திரண்டு வயதுக் கார் கதவோரத் துருவோடு நிற்கிறது. அதில்தான் தினமும் காட்டுப் பாதைகளில் வீடு வீடாகப் போய் நோயாளிகளுக்கு ஊசி போடுகிறாள். "அக்கா, இந்த வண்டிக்குப் புது டயர் தண்டம். பழசு ரெண்டு கிடக்கு, முன்னாடி மட்டும் மாட்டிக்கோங்க. எப்படியும் வசந்தத்துல காயலான் கடைக்குத்தானே போகப்போகுது," என்கிறான் கடைக்காரன் யார்க்கோ, காப்பியை உறிஞ்சியபடி. காத்திருக்கும் இருவர் சிரிக்கிறார்கள். தூலிக்கி திரும்பிப் பார்க்கவில்லை. பெயர் பெற்ற டயர்களைத் தாண்டிப் போய், கீழ்த்தட்டிலிருந்து, பனியில் வழுக்காமலிருக்க ஆணி பதித்த மலிவான டயர் ஒன்றை இழுத்துத் தரையில் நிறுத்துகிறாள். "இதுல நாலு." "நாலுமா?" "பின்சக்கரம் வழுக்கி நான் பள்ளத்துல கிடந்தா, அங்க காத்திருக்கிற கிழவருக்கு நீ போய் ஊசி போடுவியா?" சிரிப்பு அடங்குகிறது. "என் வண்டி எப்ப சாகணும்னு நான் சொல்றேன். நீ ஜாக்கியை எடு." அவன் கோப்பையை வைத்துவிட்டு எழுவதற்குள், அவளே டயரை உருட்டிக்கொண்டு வாசலைத் தாண்டுகிறாள். புதுப் பனியில் ஆணிகள் புள்ளி புள்ளியாகப் பதிந்துகொண்டே போகின்றன.